அனுப்புநர் இருவர்

அத்தியாயம் ஒன்பது

அடுப்பில் பால் பொங்கி வரும் நேரம் பார்த்து யுவராணியின் செல்போன் கரகரவென்று அதிர்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். சர்வர் மறுபடியும் விழுந்துவிட்டது.

ஒரு வாரமாகவே இதே கூத்துதான்.

உத்தமபாளையம் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் அந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு சின்ன அறையில்தான் யுவராணியும் அவள் கணவன் பாண்டீஸ்வரனும் தொழில் நடத்துகிறார்கள். இன்டர்நெட் வழியாகப் போன் பேச வைக்கும் சர்வர். ஒரு வாழைக்காய் மண்டி, ஒரு பள்ளிக்கூடம், டாக்டர் ரெஹானாவின் சர்க்கரை நோய் கிளினிக் ஆகியவை வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு வருகிற அழைப்பும், அவர்களிடமிருந்து போகிற அழைப்பும் இந்த ஒரு பெட்டியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கிளினிக் நோயாளிகளுக்கு, ‘நாளைக்கு ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று நினைவூட்டுவதும் இதே சர்வர்தான்.

கேரளாவில் ஏலக்காய் வியாபாரத்தில் நொடித்துத் திரும்பிய கொழுந்தன் விஜய்பாண்டி, மாடி அறையில் ‘மார்க்கெட்டிங் ஆபீஸ்’ போட்டிருக்கிறான். சின்ன வயசுப் பெண்கள் நாலு பேர் தினமும் வந்து போகிறார்கள். திராட்சைத் தோட்டத்தில் கம்பி குத்திய காலோடு மாமனார் அம்மாவாசி தன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. புண்ணை யாருக்கும் காட்டுவதுமில்லை. மாமியார் சந்தனம்மாள் அந்த அறையில் காலையும் மாலையும் சாம்பிராணி போடுகிறாள். போன வாரம் வரை வீட்டில் நடந்தது இவ்வளவுதான்.

சர்வரை எழுப்பியதும் வந்த முதல் அழைப்பே டாக்டர் ரெஹானாவுடையது.

"யுவராணி, எம்புட்டு நேரமா அடிக்கிறேன்!"

"மன்னிச்சுக்குங்க டாக்டர், சர்வர் மறுபடியும்..."

"சர்வர் கெடக்கட்டும். எங்க கிளினிக் நம்பர்ல இருந்து நாங்க யாருக்காச்சும் ஊசிய நிறுத்தச் சொன்னோமா?"

யுவராணிக்கு ஒன்றும் புரியவில்லை.

"சுபைதாம்மாவ இப்பத்தான் தூக்கிட்டு வந்திருக்காக. மிஷின்ல சுகர் நம்பரே காட்டல, அளவு தாண்டிப் போச்சு. ஏன் ஊசிய நிறுத்தினீகன்னு கேட்டா, ‘நீங்கதானே டாக்டர் போன் பண்ணிச் சொன்னீக, ஊசி வேணாம், பொடி போதும்னு’ங்குறாக. செல்ல வாங்கிப் பார்த்தேன். எங்க நம்பர்தான் இருக்கு. எங்க கிளினிக்ல அப்படி ஒரு பொடியே கெடையாது!"

"பார்த்துட்டுக் கூப்பிடுறேன் டாக்டர்."

"சீக்கிரம் பாரு. சுபைதாம்மா ஒருத்தர்தானான்னு எனக்குத் தெரியணும்."

யுவராணி லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள்.

ஓர் அழைப்பு வருவதற்கு முன்னால் சர்வருக்கு ஒரு சின்னத் தகவல் வரும். தபால் உறை மாதிரி. அனுப்புநர் யார், பெறுநர் யார், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். ஒழுங்காக இல்லாத உறைகளும் வரும். எங்கோ கண்காணாத தேசத்திலிருந்து திருட்டுப் பயல்கள் கதவைத் தட்டிப் பார்ப்பது தினமும் நடப்பதுதான். அவற்றைச் சர்வர் தாங்கிக்கொள்ளும்.

இந்த வாரம் அதைச் சாய்த்தவை வேறு ரகம். உள்ளே ஒரு பக்கம் எழுத்து இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கும். பிரித்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. இல்லாததைத் தேடித் தேடிச் சர்வர் மூச்சு முட்டி விழும்.

நேற்று மாலை அவள் சர்வரின் வாசலில் ஒரு வடிகட்டி நிரல் எழுதி வைத்திருந்தாள். வருகிற ஒவ்வொரு உறையையும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கும். தப்பாக இருந்தால் ஓரமாக ஒரு பிரதி எடுத்து வைக்கும். ஆனால் தடுக்காது. மண்டியில் இருப்பது பழைய போன், அதுவும் கொஞ்சம் கோணலாகத்தான் எழுதும். அவசரப்பட்டுத் தடுத்தால் நல்ல அழைப்பும் சேர்ந்து செத்துவிடும் என்பதால் ஒரு நாள் பார்க்கலாம் என்று விட்டிருந்தாள்.

இப்போது அந்தப் பிரதிகளைத் திறந்தாள்.

கோணல் உறைகள் வெளியிலிருந்து வரவில்லை. எல்லாம் வீட்டுக்குள்ளிருந்தே வந்திருந்தன. மாடியிலிருந்து.

விஜய்பாண்டிக்கு மாடியில் இணைப்புக் கொடுத்தது பாண்டீஸ்வரன். ‘ரெண்டு போன்தானே, தம்பி பொழச்சுக்கட்டும்’ என்றான். அந்த இணைப்பில் அவன் ஏதோ திருட்டு மென்பொருளை மாட்டி, தானாகவே நம்பர் நம்பராக அடிக்க வைத்திருக்கிறான். இந்த வாரம் அழைப்புகள் பெருகவும்தான் சர்வர் தாங்காமல் சாய்ந்திருக்கிறது. அது எழுதிய உறைகளில் நீளம் மட்டும் தப்பில்லை. அனுப்புநர் என்ற வரி இரண்டு முறை இருந்தது.

முதல் வரியில் மாடி போன். இரண்டாவது வரியில் ரெஹானா டாக்டர் கிளினிக்.

யுவராணிக்குச் சட்டென்று விளங்கியது. உள்ளே விடும்போது சர்வர் முதல் வரியைப் பார்க்கிறது; நம் வீட்டு ஆள் என்று விட்டுவிடுகிறது. வெளியே அனுப்பும்போது இரண்டாவது வரியைப் பார்க்கிறது. கிளினிக் நம்பரை ஒட்டி அனுப்பிவிடுகிறது. எதிர்முனையில் இருக்கிற நோயாளியின் செல்போனில் டாக்டரின் நம்பர் மின்னும்.

அதே சமயம் மாடியிலிருந்து ஓர் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஹெட்செட்டை மாட்டிக் கேட்டாள்.

"அய்யா, ரெஹானா டாக்டர் கிளினிக்ல இருந்து பேசுறோம். பொடி சாப்பிடுறீகளா?"

பெண்ணின் குரல். திரிஷா என்று ஒருத்தி மேலே வேலை பார்க்கிறாள், அவள்தான். தேன் ஒழுகியது.

"சாப்பிடுறேன் தாயி," என்றது ஒரு கிழட்டுக் குரல். "கண்ணுதான் ரெண்டு நாளா மங்கலா இருக்கு."

"அது கெட்ட நீர் எறங்குறது அய்யா. ஊசி எதும் போட்டுறலையே? ஊசி போட்டா பொடி வேலை செய்யாது. டாக்டர் கண்டிப்பாச் சொல்லச் சொன்னாக."

"இல்ல தாயி, இல்ல. டாக்டரம்மா சொன்னா மீறுவேனா?"

யுவராணி ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் போட்டாள். காதுக்குள் எச்சில் துப்பிய மாதிரி இருந்தது. புடவை முந்தானையால் காதைத் துடைத்தாள். துடைத்தும் போகவில்லை.

வடிகட்டியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். ‘குறித்துக்கொள்’ என்று இருந்ததைத் ‘தடு’ என்று ஆக்கினாள். இரண்டு அனுப்புநர் இருக்கும் எந்த உறையும் இனி உள்ளே வரக்கூடாது. ஏன் என்று பதிலும் போகக்கூடாது.

தலைக்கு மேலே வளவளவென்று கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

திரையில் தடுக்கப்பட்ட உறைகள் வரிசையாக விழுந்தன. பெறுநர் நம்பர்கள் ஒவ்வொன்றாக ஓடின. யாரோ, யாரோ, யாரோ. அப்புறம் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு நம்பர்.

மாமனார் அம்மாவாசியின் செல் நம்பர்.

"மதினி!" மாடியிலிருந்து விஜய்பாண்டி கத்தினான். "லைன் போயிருச்சு மதினி! கொஞ்சம் பாருங்க!"

அடுக்களைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில், ரெஹானா டாக்டர் மாமனாருக்கு எழுதிக் கொடுத்த இன்சுலின் பாட்டில்கள் நின்றன. ஒன்றின் சீலைக்கூட உடைக்கவில்லை.

மாமனாரின் அறைக்குள் நுழைந்ததும் சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தது. அதற்கடியில் இன்னொரு வாடை. இத்தனை நாளும் அதைச் சாம்பிராணியின் வாடை என்றே நினைத்திருந்தாள்.

"மாமா, காலைக் காட்டுங்க."

"அதெல்லாம் ஆறிக்கிட்டு வருதுத்தா," என்றார் அம்மாவாசி. கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் வற்றி, உதடு காய்ந்திருந்தது. பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்பும், இலைப் படம் போட்ட ஒரு வெள்ளை டப்பாவும் இருந்தன.

"காட்டுங்க மாமா."

அவள் தரையில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து மெதுவாக உரித்தாள். பெருவிரலும் அடுத்த விரலும் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தன. நடுவில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

வயிற்றுக்குள்ளிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"வலிக்கலையா மாமா?"

"ஒரு வலியும் இல்ல. அதான் அந்தப் புள்ள சொல்லுச்சு, வலி நின்னா மருந்து புடிச்சிருச்சுன்னு அர்த்தமாம்." அவர் முகத்தில் ஒரு பெருமை. "கிளினிக்ல இருந்து தெனம் போன் போட்டுக் கேக்குது தாயி. புண்ணு நாறுதா அய்யான்னு கேட்டுச்சு. நாறுதுத்தான்னேன். அப்பன்னா கெட்ட ரத்தம் வெளியேறுதுன்னுச்சு. பெத்த புள்ளைக ரெண்டு இருக்காங்ய, ஒருத்தன்கூட இம்புட்டு விசாரிக்கல."

வாசலில் நிழல் தட்டியது. விஜய்பாண்டி வந்து நின்றான். லைன் என்று தொடங்கியவன், கட்டிலில் கிடந்த காலைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

யுவராணி எழுந்து கையைக் கழுவினாள். சிக்கந்தர் பாயின் ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், உடனே வரணும் என்றாள். தேனிக்கு வேலையாகப் போயிருந்த பாண்டீஸ்வரனுக்கும் போன் போட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்கச் சொன்னாள். அதன் பிறகுதான் விஜய்பாண்டியை மாடிப்படி அறைக்குக் கூப்பிட்டாள்.

"இந்தப் பொடி எங்கருந்து வருது?"

அவன் திரையைப் பார்த்தான். தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது என்று ஓடிய வரிகளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முகம் மாறவில்லை.

"கம்பத்துல ஒரு பார்ட்டி குடுக்குது மதினி. நாட்டு மருந்துதான். பாகக்கா, நாவக்கொட்டை, அம்புட்டுத்தேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஊசிய நிறுத்தச் சொல்றது எதுக்கு?"

"ஊசியும் போட்டா பொடிய யாரு மதினி வாங்குவா?"

அவன் அதை ஒரு கணக்கு வாத்தியாரைப் போலச் சாதாரணமாகச் சொன்னான். அந்தச் சாதாரணம்தான் அவளுக்குப் புண்ணைவிட மோசமாக நாறியது.

"மாமா நம்பர் அதுல இருந்தது உனக்குத் தெரியுமா?"

அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"தம்பி, கேக்குறேன்ல?"

"மொத டப்பா போனப்ப தெரியாது மதினி, சத்தியமா. புள்ளைக பாட்டுக்கு அடிச்சிருக்குதுக. ரெண்டாவது டப்பாவுக்கு விலாசம் ஒட்டுறப்பதான் பார்த்தேன். நம்ம வீட்டு விலாசம்."

"பார்த்துட்டு?"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"பார்த்துட்டு என்ன செஞ்ச?"

"தபால்ல போட்டுட்டேன்."

மாடியிலிருந்து கீழே இருக்கிற அப்பனுக்கு, தபால் ஆபீஸ் வழியாக. யுவராணி அவனையே பார்த்தாள். மீசையை ஒழுங்காக வெட்டி, சென்ட் போட்டு, சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். அவன் நின்ற இடத்தைக்கூடக் கழுவிவிட வேண்டும் போல இருந்தது.

"எடுத்துச் சொல்லியிருந்தா எல்லாம் தெரிஞ்சு போயிருமே மதினி. அதான்..."

"சீ! என் முன்னால நிக்காத."

அவன் நகர்ந்தபோதுதான், கதவுக்குப் பின்னால் சந்தனம்மாள் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தெருவுக்குக் கேட்கும்படி அழுவாள் என்று யுவராணி எதிர்பார்த்தாள். சந்தனம்மாள் அழவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏத்தா யுவா, இது வெளிய போக வேணாம்."

"அத்த! மாமா காலுல புழு வச்சிருக்கு."

"பார்த்தேன்த்தா. நான்தானே தெனம் துணி மாத்துறேன்."

"பார்த்துட்டுமா சாம்பிராணி போட்டுக்கிட்டு இருந்தீக?"

"கிளினிக்ல அப்படித்தான் இருக்கும்னு சொன்னாகளே! எனக்கு என்ன தெரியும்?" அவள் குரல் ஒரு கணம் உடைந்தது. உடனே மறுபடி இறுகியது. "நடந்தது நடந்து போச்சு. அவரு ஆஸ்பத்திரிக்குப் போறாரு, சொகமாயிருவாரு. சின்னவன் ஏற்கெனவே சீரழிஞ்சு வந்தவன். போலீசு அது இதுன்னு போயிட்டா அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? நீ இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவத்தா."

சந்தனம்மாள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சாம்பிராணியும் சீழும் கலந்த அந்த வாடை மாமியாரின் விரல்களில் ஏறியிருந்தது. யுவராணி கையை உருவிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் அம்மாவாசி, தான் நடந்தே வருவதாகப் பிடிவாதம் பிடித்தார்.

"ஏலே சின்னவனே, தோளக் குடு. எம்புள்ள இருக்கையில எனக்கு எதுக்கு இந்தத் தள்ளுவண்டி?"

விஜய்பாண்டி தோளைக் கொடுத்தான். அப்பன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி வண்டி வரைக்கும் போனார். ஏறும்போது திரும்பி, "யுவா, அந்த டப்பாவ எடுத்துப் பத்திரமா வையி. ஆஸ்பத்திரியில தூக்கிப் போட்டுருவாங்ய," என்றார்.

விஜய்பாண்டியும் சந்தனம்மாளும் கூடவே ஏறியதும் சிக்கந்தர் பாய் கதவை அடைத்தார். ஒன்றும் கேட்காமலேயே, "நாத்தம் ரொம்ப நாளா இருக்குமேம்மா," என்றார். யுவராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாடியிலிருந்த பெண்கள் கைப்பையோடு இறங்கி வந்தார்கள். திரிஷா மட்டும் நின்றாள்.

"அக்கா, நாங்க கிளினிக்குக்குத்தான் வேலை பாக்குறோம்னு அண்ணன் சொன்னாரு. நிசமில்லையா?"

"ஊசிய நிறுத்தச் சொன்னப்ப உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சு," என்றாள் திரிஷா. பிறகு வேகமாக நடந்து போய்விட்டாள்.

வீடு காலியானது. யுவராணி டாக்டரைக் கூப்பிட்டு மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மாடி, பொடி, இரண்டு அனுப்புநர், மாமனாரின் கால் எல்லாவற்றையும்.

"எங்க ஆளுக நம்பரெல்லாம் உன் கொழுந்தன் கைக்கு எப்படிப் போச்சு?"

"தெரியல டாக்டர். நினைவூட்டல் அழைப்புக்காக நீங்க குடுத்த விவரம் சர்வர்ல இருக்கு. அதைத் திறக்குற பாஸ்வேர்டு எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நாங்க இல்லாத நேரமாப் பார்த்து எப்படியோ எடுத்திருப்பான்."

"அதை அப்புறம் பேசுவோம். மொதல்ல ஆளுக பொழைக்கணும். யார் யாருக்குப் போன் போயிருக்குன்னு உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு டாக்டர். தப்பா எழுதின உறை எல்லாத்தையும் வடிகட்டி பிரதி எடுத்து வச்சிருக்கு. மாடி மிஷின் பட்டியல் மொத்தத்தையும் தெனம் ஒரு சுத்து அடிக்குதுபோல, நேத்து சாயங்காலத்துலருந்து பெறுநர் நம்பர் அம்புட்டும் விழுந்திருக்கு."

"பாதிய எனக்கு அனுப்பு. மீதிய நீ கூப்பிடு. இன்னைக்கே எல்லாரும் ஊசி போடணும், முடியாதவுக நேரா கிளினிக்குக்கு வரணும்."

அப்படித்தான் மத்தியானம் முழுக்க யுவராணி கிளினிக் லைனிலேயே போன் பேசினாள். சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். சொன்னால் பதறிப் போய்க் கேட்டுக்கொள்வார்கள் என்று.

"நேத்து நீங்கதானே ஊசி வேணாம்னு சொன்னீக?" என்றார் சின்னமனூர்க்காரர் ஒருவர். "இன்னைக்கு வேணுங்குறீக. நம்பரும் ஒரே நம்பர்தான். நேத்துப் பேசினவ பொய்யா, இன்னைக்குப் பேசுறவ பொய்யா?"

"நேத்துப் பேசினது கிளினிக் ஆளு இல்லைய்யா. ஏமாத்துக்காரங்க."

"அப்ப நீ யாரு?"

ஒருத்தி திட்டிவிட்டு வைத்தாள். ஒருவர், பொடி நன்றாக வேலை செய்கிறது, அதைக் கெடுக்கத்தான் ஊசிக் கம்பெனிக்காரன் இப்படிப் பேசச் சொல்கிறான் என்றார். கெங்குவார்பட்டி ஆள் ஒருவர் மட்டும் நெடுநேரம் கேட்டுவிட்டு, "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சும்மா. டாக்டர் நம்பராச்சேன்னுதான் நம்பினேன்," என்று அழுதார்.

பேசப் பேச யுவராணிக்குத் தன் வாயே கசந்தது. யாருடைய சர்வர் இந்த நம்பரைச் சுமந்துகொண்டு போனது? அவளுடையது. தூசி தட்டி, தினமும் காவல் காத்து, விழும்போதெல்லாம் தூக்கி நிறுத்தி, இதைப் போய்ச் சேர வைத்தவள் அவள்தான்.

பொழுது சாயும்போது பாண்டீஸ்வரன் வந்தான். முகமெல்லாம் தூசியும் வியர்வையுமாக இருந்தான். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

"ரெண்டு விரல எடுக்கணும்னுட்டாக. உசுருக்கு ஒண்ணுமில்லையாம். இன்னும் நாலு நாள் போயிருந்தா காலையே எடுத்திருப்பாகளாம்."

"விஜய்பாண்டி சொன்னானா?"

"அம்மா சொன்னாக. எல்லாம் சொன்னாக." அவன் திரையைப் பார்த்தான். "தடுத்தாச்சுல்ல?"

"ஆச்சு."

"இனி வராதுல்ல?"

"வராது."

"அப்ப அந்தப் பிரதிய அழிச்சிரு யுவா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கோவப்படாதே. யோசிச்சுப் பாரு. நம்ம சர்வர் வழியாத்தான் போயிருக்கு. கேசுன்னு வந்தா மொதல்ல நம்மளத்தான் தூக்குவாங்ய. டாக்டர் இருக்காக, மண்டி இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, எல்லாம் போயிரும். தம்பிய நான் கண்டிச்சுக்கிறேன். கன்னத்துல ரெண்டு அறைகூடக் குடுத்துட்டேன்."

"இந்த நம்பரெல்லாம் ஆளுகங்க. இன்னைக்கும் ஊசி போடாமப் படுப்பாக."

"கூப்பிட்டுச் சொல்லு, வேணாங்கல. சொல்லி முடிச்சதும் அழிச்சிரு. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

அவன் கெஞ்சுகிற குரலில்தான் பேசினான். அவளுக்குப் பிடித்த குரல் அது. கல்யாணமான புதிதில், கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு இங்கே வா, நாமே ஒரு தொழில் பார்ப்போம் என்று இதே குரலில்தான் கேட்டான். அவள் அடுத்த நம்பரை அடித்தாள். கை ஓய்ந்து போயிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

நெடுநேரம் மணி அடித்தது. ஒரு பெண்பிள்ளை எடுத்தாள்.

"அம்மா, ரெஹானா டாக்டர் கிளினிக்குக்காகப் பேசுறேன். அய்யா இருக்காகளா?"

"எந்த அய்யா?"

"இந்த நம்பர் வச்சிருக்கவுக. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தாகளே."

"அவுக போயிட்டாகம்மா," என்றாள் அந்தப் பெண். அழுகையெல்லாம் தீர்ந்துபோன, தட்டையான குரல். "கருமாதியும் முடிஞ்சிருச்சு."

யுவராணியின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டன.

"நீங்க நல்லாத்தாம்மா பார்த்தீக. தெனம் போன் போட்டீக. எங்க மேலதான் குத்தம். காலம்பர ஒரு கரண்டி, பொழுதுசாய ஒரு கரண்டின்னு சொன்னீக. அவுகளுக்கு மூச்சு வாங்கவும் பயந்துபோயி நான் மூணு வேளையும் குடுத்துட்டேன். கூடிப்போச்சோ என்னமோ."

"அம்மா..."

"டப்பாவுல இன்னும் பாதி கெடக்கு. வீணாப் போகுது. இல்லாதப்பட்டவுக யாருக்காச்சும் ஆகும்னா வந்து வாங்கிட்டுப் போங்கம்மா."

யுவராணி போனுக்குக் கிட்டே குனிந்து, "யாருக்கும் குடுத்துறாதீகம்மா. கொட்டவும் வேணாம். அப்படியே மூடி வையுங்க. நான் நேர்ல வாரேன்," என்றாள்.

"வாங்க," என்றுவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

அறையில் சர்வரின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பாண்டீஸ்வரன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"சுருளிராஜன் சம்சாரம்," என்றான் கைகளுக்குள்ளிருந்து. "போன மாசம் திருப்பிக் கூப்பிட்டுப் பேசினப்பகூட நல்லாத்தானே இருந்தாரு மனுசன்."

யுவராணி அசையவில்லை. திரையில் இருந்தது வெறும் நம்பர். அந்தப் பெண் பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை.

"யார்கிட்டப் பேசினாரு?"

பாண்டீஸ்வரன் கையை எடுத்தான். சொன்னது என்னவென்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

"பொடி வாங்கினவுக கிளினிக் நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டா, சர்வர்ல அத உங்க பக்கம் மாத்தி விட்டிருக்கீகளா? நீங்கதான் பேசுவீகளா?"

"யுவா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"விவரத்த எடுத்துக் குடுத்தது நீங்கதான்."

அவன் மறுக்கவில்லை. காலையிலிருந்து அவள் அடக்கி அடக்கி வைத்திருந்த குமட்டல் இப்போது வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பதிலாக உடம்பு முழுக்க ஒரு குளிர் பரவியது. இந்த ஆளின் எச்சில் தட்டில் சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். பிரதிகள் மொத்தத்தையும் டாக்டர் ரெஹானாவுக்கு அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்தது என்று வந்த பிறகு, சர்வரின் பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதியதை அடித்தாள். உறுதிக்காக இன்னொரு தடவை கேட்டது. இன்னொரு தடவையும் அடித்தாள்.

"என்ன பண்ற யுவா? நான் உம் புருசன்டீ."

அவள் எழுந்து ஆணியில் தொங்கிய ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள்.

"அந்தம்மா வீடு எந்த ஊரு?"

அவள் வாசலிலேயே நின்றாள்.

"கோம்பை," என்றான் கடைசியில். "கோயிலுக்குப் பின்னால, மூணாவது வீடு."